ராக் திருவிழாவில் எங்கே நிற்பது? முதல்முறை போகிறவர்களுக்கு

முதன்முதலாக ஒரு சின்ன ராக் திருவிழாவுக்குப் போன அன்று, கதவு திறந்ததும் அடித்துப் பிடித்து ஓடி, மேடையின் இடது ஓரத்தில் இடம் பிடித்தேன். கையை நீட்டினால் கிட்டாரிஸ்டின் ஷூவைத் தொடலாம். இதைவிட நல்ல இடம் உலகத்திலேயே கிடையாது என்று நினைப்பு. முதல் பாட்டு தொடங்கியது. பாடகர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். எனக்கு ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. என் முகத்துக்கு நேரே இருந்த கிட்டார் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) மட்டும் நாற்பது நிமிடம் என்னோடு பேசிக்கொண்டிருந்தது. இருபதடி பின்னால் நின்ற நண்பன் வெளியே வந்து "என்னா குரல்டா அது!" என்று வியந்தபோது நானும் தலையாட்டி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் வரை காதுக்குள் 'கொய்ங்' என்ற சத்தம் ஓயவில்லை.

அதன்பிறகு எத்தனையோ திருவிழா பார்த்தாயிற்று. புதிதாகப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம், காது வலிக்குமா, கூட்டத்தில் அடிபடுமா, பாட்டு சரியாகக் கேட்குமா என்பதெல்லாம், கடைசியில் ஒன்றில்தான் போய் நிற்கின்றன: எந்த நேரத்தில் எங்கே நிற்பது? அதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது பெரிய மைதானத் திருவிழா இல்லை. ஒரே கூரை, சில நூறு பேர், ஒரு மேடை அல்லது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, மத்தியானம் தொடங்கி நள்ளிரவு வரை ஆறிலிருந்து பத்து பேண்டுகள். இங்கே வெயில், மழை, சேறு எதுவும் கிடையாது. அதற்குப் பதில் புழுக்கம், சத்தம், கால்வலி.

கிளம்புவதற்கு முன்

டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருவிழா நடத்துகிறவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். வயது வரம்பு இருக்கிறதா, அடையாள அட்டை கேட்பார்களா, ஒருமுறை உள்ளே போனால் வெளியே போய்த் திரும்ப வரலாமா என்ற மூன்றையும் டிக்கெட் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். மூன்றாவதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. திரும்ப வர முடியாது என்றால் அன்றைய சாப்பாடு, ஓய்வு எல்லாமே அந்தக் கட்டடத்துக்குள்தான். அதற்கேற்பத் தயாராகப் போக வேண்டும்.

யார் எத்தனை மணிக்கு என்ற பட்டியல் பெரும்பாலும் சில நாள் முன்னால்தான் வெளிவரும். வந்ததும் ஒவ்வொரு பேண்டிலும் இரண்டு பாட்டுக் கேட்டுவிடுங்கள், போதும். முழு ஆல்பத்தையும் பாடம் படித்துக்கொண்டு போனால் ஆச்சரியம் போய்விடும். கேட்டுவிட்டு, எதைத் தவறவே விடக்கூடாது, எந்த நேரத்தில் உட்கார்ந்து கொள்ளலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து பேண்டையும் முன்வரிசையில் நின்றே பார்ப்பேன் என்று வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறாவது பேண்டின்போது சுவரோரம் தரையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். தலைமை பேண்டு மேடையேறும்போது பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

உடுப்பு: காலை முழுக்க மூடும், ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலே பருத்தி டீ-சர்ட். வெளியே குளிராக இருந்தாலும், நூற்றுக்கணக்கானவர்கள் ஆடும் அறை சீக்கிரமே கொதிக்கும். ஜாக்கெட்டைக் கழற்றி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான தோடு, கூர்மையான ஆணி பதித்த பெல்ட் இரண்டும் படத்துக்கு அழகு, கூட்டத்துக்கு ஆபத்து. பை வேண்டாம். வேண்டவே வேண்டுமென்றால் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டுகிற சின்னப் பை. போன், சாவி, காசு எல்லாம் ஜிப் உள்ள பாக்கெட்டில். அன்று பார்க்கப்போகும் பேண்டின் டீ-சர்ட்டையே போட்டுக்கொண்டு போகலாமா, அது நாகரிகமில்லையாமே என்று சிலர் கேட்பார்கள். அது யாரோ கிளப்பிவிட்ட கதை. மேடையில் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்தால் சந்தோஷம்தான்.

காது

ஷூவுக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டியது காதடைப்பான். பலர் இதைக் கிண்டலாகப் பார்ப்பார்கள்: சத்தம் கேட்கத்தானே போகிறோம், அப்புறம் காதை ஏன் அடைப்பது? கணக்கைப் பாருங்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணிநேரம் இருக்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை. சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி என்று இறங்கி, 100 டெசிபலில் 15 நிமிடத்தில் வந்து நிற்கிறது. சின்ன அரங்கில் மேடைக்குப் பக்கத்தில் 100 டெசிபல் என்பது சர்வசாதாரணம். அதாவது உங்கள் அன்றைய காதுக் கணக்கு முதல் பேண்டின் நாலாவது பாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. இன்னும் எட்டு பேண்டு பாக்கி.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்றே ஒரு தரநிலை வெளியிட்டது. சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, பார்வையாளர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான ஓர் இடம் இருக்க வேண்டும் என்கிறது அது. எல்லா அரங்கிலும் இதெல்லாம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உங்களுடையதை நீங்களே கொண்டு போங்கள்.

இரண்டு வகை உண்டு. ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும் மலிவு வகை நன்றாகக் காக்கும். ஆனால் மேல்சுருதிகளை அதிகமாக விழுங்கிவிடும், டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். இசைக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டி வகை எல்லாச் சுருதியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். அதைப் போட்டால் ரேடியோவின் வால்யூமைத் திருகிக் குறைத்த மாதிரிதான். ஒரு தரம் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். என்னைக் கேட்டால் டிக்கெட்டுக்கு அடுத்த செலவு இதுவாக இருக்கட்டும்.

ஸ்பாஞ்சு வகையைப் பெரும்பாலானவர்கள் தப்பாகத்தான் போடுகிறார்கள். காதின் வாயில் லேசாகச் செருகி விட்டுவிடுவார்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பாட்டு நடுவில் கீழே விழும். சரியான முறை இது. விரல்களுக்கு நடுவே வைத்து மெல்லிய குச்சிபோல ஆகும்வரை உருட்டுங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். காதுத் துவாரம் நேராகும். இப்போது உள்ளே செலுத்தி, அது விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளேயே முழங்கினால் சரி. இதை வீட்டில் இரண்டு தடவை பழகிக்கொண்டு போங்கள். இருட்டில், வியர்த்த கையோடு முதல்முறை செய்வது கஷ்டம். இன்னொன்று, முதல் பாட்டுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். காது வலித்த பிறகு போடுவது, நனைந்த பிறகு குடை விரிப்பதுதான்.

சில பாட்டுக்குப் பிறகு ஒன்றைக் கவனிப்பீர்கள்: காதடைப்பானோடு பாடகரின் குரல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். அளவு மீறிய சத்தத்தில் காதே திணறிப்போய் எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாகத்தான் தரும்.

வாசலில்

கதவு திறக்கும் நேரமும் முதல் பேண்டு தொடங்கும் நேரமும் ஒன்றல்ல. நடுவில் அரைமணியோ ஒரு மணியோ இருக்கும். வாசலில் டிக்கெட்டைக் காட்டினால் மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டுவார்கள். அதன் பிளாஸ்டிக் கொக்கி ஒரு பக்கம்தான் நகரும், இறுக்கினால் பிறகு தளர்த்த முடியாது. கட்டும்போதே இரண்டு விரலை உள்ளே விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் மேடையைப் பார்க்காமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கழிவறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, உட்கார இடம் இருக்கிறதா, முதலுதவி யாரிடம். முக்கியமாக, நீங்கள் நுழைந்த கதவைத் தவிர வேறு வெளிவாசல் எங்கெங்கே இருக்கிறது. இதை வெறும் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற ஊரில், ஸ்டேஷன் என்ற சின்ன நைட்கிளப்பில் ஒரு ராக் நிகழ்ச்சி நடந்தது. மேடையில் கொளுத்திய வாணப்பொறி, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பிடித்துக்கொண்டது. வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலானவர்கள் தாங்கள் வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள். தீப்பிடித்து ஒன்றரை நிமிடம் ஆவதற்குள் அந்த வாசல் மனிதர்களால் அடைத்துக்கொண்டது. இறந்தவர்கள் 100 பேர். பதற்றத்தில் கால்கள் தெரிந்த வழியையே தேடும். அதனால்தான் சாவகாசமாக இருக்கும்போதே இன்னொரு வழியையும் தெரிந்த வழியாக ஆக்கிக்கொள்ளச் சொல்கிறேன். அப்படியொரு சூழல் வந்தால், புகையோ தீயோ கண்ணில் பட்டால், பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நண்பர்களோடு வந்திருந்தால், பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. தனியாக வந்திருந்தால் இன்னும் நல்லது. யாருக்காகவும் எந்த பேண்டையும் விட வேண்டியதில்லை. தனியாக வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள், டீ-சர்ட்டைப் பார்த்தே பேச்சு தொடங்கிவிடும்.

சத்தம் எங்கே நன்றாக இருக்கும்

அறையின் பின்பாதியில், ஏறத்தாழ நடுவில், பொத்தான்களும் நகர்த்திகளும் நிறைந்த ஒரு மேஜை இருக்கும். அதன் முன் நிற்பவர்தான் சவுண்ட் இன்ஜினியர். நீங்கள் கேட்கும் ஒலியை அவர் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அப்படித்தான் கலக்குகிறார். ஆகவே அவருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்க வேண்டுமென்றால் அவருக்கு இரண்டடி முன்னால் நில்லுங்கள். பாட்டை முழுசாகக் கேட்க அந்த அறையிலேயே சிறந்த இடம் அது.

முன்வரிசையில் எனக்கு ஏன் குரல் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்பும் டிரம்ஸும் மேடையிலிருந்து நேராகவே நம்மை வந்து அடிக்கும். பாடகரின் குரலுக்கு அப்படி எந்தப் பெட்டியும் பின்னால் இல்லை. அது மேடையின் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வரும். அவை முன்வரிசைக்கு மேலாகவும் பக்கவாட்டிலும் ஒலியைப் பின்னுக்கு அனுப்பிவிடும். மேடை விளிம்பில் நிற்பவர் குரலின் நிழலில் நிற்கிறார். மேடையில் தரையோடு சாய்ந்து கிடக்கும் பெட்டிகள் நமக்கில்லை, வாசிப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வதற்கு.

தாழ்சுருதி இன்னும் குறும்பு பிடித்தது. 50 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். சின்ன அறையின் அகலமே சில சமயம் அவ்வளவுதான். அந்த அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பேஸ், அதாவது இந்தத் தாழ்சுருதி, நெஞ்சை உலுக்கும். எதிரெதிராக மோதும் இடத்தில் காணாமலே போகும். மூலைகளிலும் பின்சுவரையொட்டியும் பெரும்பாலும் உலுக்கல்தான். நிற்கும் இடத்தில் பேஸ் மட்டும் கும்மென்று கேட்டால் நாலு எட்டு தள்ளி நின்று பாருங்கள். வேறு அறைக்கு வந்துவிட்டது போலிருக்கும்.

முன்வரிசையே கூடாது என்று சொல்ல வரவில்லை. கிட்டாரிஸ்டின் விரல் எந்தக் கம்பியில் எப்படி வழுக்குகிறது, டிரம்மரும் பேஸ் வாசிப்பவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். என் வழக்கம் இது: பிடித்த பேண்டுக்கு முதல் பாதி மேடையோரம், பின்பாதி சவுண்ட் மேஜையோரம். கண்ணுக்குப் பாதி, காதுக்குப் பாதி. உயரமாக இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை: உங்களுக்குப் பின்னால் குட்டையாக யாராவது எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்னால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஒன்றும் மறையப் போவதில்லை.

மத்தியான பேண்டு

முதல் இரண்டு பேண்டுகளுக்கு அரங்கு காலியாகத்தான் இருக்கும். சத்தமும் கொஞ்சம் எதிரொலிக்கும். ஆட்களின் உடம்பும் உடுப்பும்தான் எதிரொலியை உறிஞ்சுகின்றன, அவர்கள் இன்னும் வரவில்லை. ஒலியைச் சரிபார்க்கவும் அந்த பேண்டுகளுக்கு நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள். மத்தியான பேண்டு 'சவுண்டே சரியில்லை' என்று சொல்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஆனால் சின்னத் திருவிழாவுக்குப் போவதே அவர்களுக்காகத்தான் என்பது என் கட்சி. தலைமை பேண்டை எங்கு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். முப்பது பேருக்கு முன்னால், முப்பது நிமிடத்துக்குள், தாங்கள் யாரென்று காட்டிவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து வாசிப்பவர்களை இங்கேதான் பார்க்க முடியும். அவர்களுக்குக் கூட்டம் அரைவட்டமாகப் பத்தடி தள்ளி நிற்கும். வெட்கப்படாமல் அந்த இடைவெளிக்குள் நீங்கள் ஓரெட்டு முன்னால் வையுங்கள். பின்னாலேயே நாலு பேர் வருவார்கள். பாடகர் முகம் மாறுவது தெரியும்.

ஒரு பேண்டு இறங்கி அடுத்தது ஏறும் அந்தக் கால்மணி நேரத்தில் எல்லோரும் வெளியே ஓடுவார்கள். ஒரு தடவையாவது ஓடாமல் நின்று பாருங்கள். கிட்டாரிஸ்ட் மண்டியிட்டு, பெட்டிக்குள் ஒட்டி வைத்த, கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களை இருட்டில் டார்ச்சைப் பல்லால் கவ்விக்கொண்டு இணைத்துக்கொண்டிருப்பார். ஒருவர் வந்து, மார்க்கர் பேனாவால் பாட்டுப் பெயர்களை எழுதிய தாளை ஒவ்வொருவர் காலடியிலும் கறுப்பு டேப்பால் ஒட்டுவார். டிரம்மர் கால் டிரம்மை மட்டும் 'தும்... தும்... தும்...' என்று தனியாக அடித்துக்கொண்டே இருப்பார், சவுண்ட் மேஜையிலிருந்து கை உயரும், அடுத்து ஸ்னேர் என்ற சின்ன டிரம், மறுபடி கை. பாடகர் மைக்கில் 'செக், செக்' என்பார். எல்லா இழையும் தனித்தனியாக வந்து போகும். பிறகு விளக்கணைந்து எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது எது எங்கிருந்து வருகிறது என்று உங்கள் காதுக்குத் தெரிந்திருக்கும்.

பிட்

மேடைக்கு நேர் முன்னால், நடுவில், திடீரென்று ஒரு வட்டம் காலியாகும். அதுதான் மாஷ் பிட். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் கூட்டங்களில் உருவான வழக்கம். ஒருவர்மேல் ஒருவர் மோதி, தள்ளி, துள்ளுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கைகலப்பு மாதிரிதான் தெரியும். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இணையத்தில் கிடைத்த காணொளிகளை வைத்து ஆராய்ந்து, இந்த ஆட்கள் வாயு மூலக்கூறுகள் மாதிரியே தாறுமாறாக மோதி நகர்கிறார்கள் என்று 2013-இல் கட்டுரை எழுதினார்கள். எல்லோரும் ஒரே திசையில் வட்டமாக ஓடும் 'சர்க்கிள் பிட்'டையும் பார்த்தார்கள். அவற்றில் 95 சதவீதம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றின. அடுத்த முறை ஓடும்போது எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று பாருங்கள்.

மூலக்கூறுக்கு இல்லாதது இந்தக் கூட்டத்துக்கு உண்டு: எழுதப்படாத சட்டம். யாராவது விழுந்தால் பக்கத்திலிருப்பவர் எல்லாம் அந்தக் கணமே நின்று தூக்கிவிட வேண்டும். இதில் பேச்சே கிடையாது. தள்ளலாம், குத்தக்கூடாது, முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. ஓரத்தில் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பவரை உள்ளே இழுக்கக்கூடாது. கூட்டத்தைச் சாக்காக வைத்து யார்மேலாவது கை வைப்பவரைக் கண்டால் பாதுகாப்பு ஊழியரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு நடந்தாலும் அப்படியே. நல்ல பேண்டுகள் பாட்டையே நிறுத்திவிட்டு அந்த ஆளை வெளியேற்றச் சொல்வதுண்டு.

எனக்கு ஒருமுறை நடுப்பிட்டில் இடதுகால் ஷூ கழன்று போய்விட்டது. குனிந்து தேடினால் மிதிபட்டே செத்திருப்பேன். ஒற்றைக்காலில் நொண்டி ஓரத்துக்கு வந்து பார்த்தால், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு கை நீண்டு என் ஷூவை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முகம் தெரியாத அந்த ஆள் மற்றக் கையால் தன்னைத் தள்ள வந்தவர்களைத் தடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டு முடியும்வரை கையை இறக்கவே இல்லை. கீழே எது கிடந்தாலும், கண்ணாடியோ போனோ, எடுத்து உயர்த்திப் பிடிப்பது வழக்கம். உங்கள் பொருள் தொலைந்தாலும் குனியாதீர்கள், மேலே பாருங்கள்.

முதல்முறை என்றால் வட்டத்தின் விளிம்புக்கு வெளியே, பக்கவாட்டில் நின்று இரண்டு பாட்டுப் பாருங்கள். விருப்பமிருந்தால் மூன்றாவதில் இறங்குங்கள். போதுமென்று தோன்றினால் கையை உயர்த்தி ஓரத்தை நோக்கி நகருங்கள், வழி விடுவார்கள். இறங்கவே பிடிக்கவில்லையா, இறங்காதீர்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. கூட்டத்தின் தலைமேல் நீந்துவது, மேடையிலிருந்து குதிப்பது இரண்டும் அரங்கு அனுமதித்தால்தான். சின்ன அரங்கில் கீழே தாங்க ஆள் போதாது என்பதும் நினைவிருக்கட்டும். யாராவது உங்கள் தலைக்கு மேல் வந்தால் இரண்டு கையாலும் தாங்கி முன்னால் அனுப்புங்கள், திடீரென்று விலகாதீர்கள்.

பிட் வேறு, நெரிசல் வேறு. பிட்டில் இடைவெளி இருக்கும், மோதிவிட்டு விலகலாம். நெரிசலில் உங்கள் உடம்பு உங்கள் இஷ்டப்படி அசையாது. கூட்டம் அலையாக ஆடும், நீங்களும் அதோடு ஆடுவீர்கள். அங்கே உயிருக்கு ஆபத்து மிதிபடுவதால் மட்டுமல்ல, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டுவதால்தான். அப்படி உணர்ந்தால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கு அது இடம் கொடுக்கும். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது தணியும் ஒவ்வொரு நொடியிலும் குறுக்காக ஓரத்தை நோக்கி ஓரெட்டு வையுங்கள். தூண், சுவர், தடுப்புக் கம்பி ஆகியவற்றின் பக்கம் அகப்படாதீர்கள்.

உடம்பு, வெளிச்சம், போன்

தண்ணீர், தண்ணீர், தண்ணீர். மது அருந்துகிறவர்கள் அதைவிட அதிகமாகத் தண்ணீர். தலை சுற்றினால் அந்த இடத்திலேயே பிடிவாதமாக நிற்காமல் வெளியே வாருங்கள், பாட்டு மறுபடி வரும்.

புகை மெஷின் ஓயாமல் ஓடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் அல்ல, பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சிமிட்டும் ஸ்ட்ரோப் விளக்கு, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆகாது. அப்படிப்பட்டவர்கள் நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொண்டு திரும்பிக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணையும் வெறுமனே இமையால் மூடினால் போதாது, இமை வழியாகவும் ஒளி போகும்.

பாட்டின் தாளத்துக்கு வேகமாகத் தலையாட்டுவதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2008-இல், தன் வழக்கமான கிறிஸ்துமஸ் நையாண்டி மனநிலையில், இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. இப்படித் தலையாட்டும் பாட்டின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 தாளம். அந்த வேகத்தில் தலை 75 டிகிரிக்கு மேல் வளைந்து ஆடினால் லேசான தலைக்காயம் வரலாம் என்றது. ஒவ்வொரு தாளத்துக்கும் ஆட்டாமல் ஒன்று விட்டு ஒன்று ஆட்டினால் கழுத்து மறுநாளும் உங்களுடையதாக இருக்கும். நான் அப்படித்தான்.

போனில் படமெடுக்கலாம், இரண்டு பாட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: அது மேடை வரை எட்டாது, முன்னால் நிற்பவரின் பின்னந்தலையைத்தான் வெளுக்க வைக்கும். திரையில் பாடகரின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். காணொளியில் ஒலி கரகரவென்று வந்தால் போனைக் குறை சொல்லாதீர்கள், அதன் மைக் இந்தச் சத்தத்துக்குச் செய்யப்பட்டதில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருப்பவர் பார்ப்பது உங்கள் போனைத்தான்.

மெர்ச் மேஜை

டீ-சர்ட், இசைத்தட்டு விற்கும் மேஜை பெரும்பாலும் வாசலோரம் இருக்கும். சின்ன பேண்டுக்கு அன்றைய பயணச் செலவு அந்த மேஜையிலிருந்துதான் பிறக்கிறது. உங்கள் அளவு முதலிலேயே தீர்ந்துவிடும் என்பதால் பேண்டு வாசித்து முடித்த கையோடு போங்கள். ஆடி முடிக்கும்வரை மேஜையிலேயே எடுத்து வைக்கச் சொன்னால் சில பேர் வைத்துத் தருவார்கள். கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும், அட்டை மெஷின் எப்போதும் பிடிவாதம் பிடிக்கும் இடம் இது.

சில சமயம் விற்பவரே அரைமணி முன்னால் மேடையில் நின்றவராக இருப்பார். தயங்காமல் பேசுங்கள். 'உங்கள் தீவிர ரசிகன்' என்று தொடங்கினால் அவருக்குப் பதில் சொல்ல ஒன்றுமிருக்காது. 'மூணாவது பாட்டில் நடுவே நிறுத்தினீர்களே, அது வேண்டுமென்றேவா?' என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் போவது தெரியாது. மேடையில் ஒட்டியிருந்த பாட்டுப் பட்டியல் தாள் வேண்டுமென்றால், எல்லாம் முடிந்ததும் சாமான் எடுக்கும் ஊழியரிடம் கேளுங்கள். மேடையேறி நீங்களே உரிக்காதீர்கள், அங்கே கிடக்கும் ஒயரில் ஏதாவது ஒன்றைப் பிடுங்கிவிடுவீர்கள்.

முடிந்த பிறகு

கடைசி பேண்டு இறங்கியதும் 'ஒன்ஸ் மோர்' என்று கத்தலாம், கிடைக்கவும் கிடைக்கலாம். விளக்கெல்லாம் முழுதாக எரிந்து, ஸ்பீக்கரில் வேறு யாருடைய பாட்டோ ஓடத் தொடங்கினால் அவ்வளவுதான், இனி வரமாட்டார்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தால் இந்த நேரத்தில் பதற்றமில்லை. வாசலில் முட்டாமல் ஐந்து நிமிடம் ஓரமாக நின்று, கூட்டம் கரைந்ததும் கிளம்புங்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹெட்போன் போடாதீர்கள். காதுக்கு அன்று ராத்திரியும் மறுநாளும் ஓய்வு வேண்டும். லேசான இரைச்சல் இருந்தால் பெரும்பாலும் தூங்கி எழும்போது அடங்கிவிடும். ஒரு நாள் கடந்தும் நீடித்தாலோ, ஒரு காது மந்தமாகவே இருந்தாலோ காது மருத்துவரைப் பாருங்கள், தானாகச் சரியாகும் என்று வாரக்கணக்கில் விடாதீர்கள்.

மணிக்கட்டுப் பட்டையை அவிழ்க்க கத்தரிக்கோல்தான் வழி. பல்லால் இழுத்துப் பார்த்தவன் சொல்கிறேன், வராது.